காலனிக்கால அமெரிக்க நாணய நகல்கள்: வாங்குவது முதல் சுவரில் மாட்டுவது வரை

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே நியூஜெர்சியில் தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார். குரலில் படபடப்பு.

"அண்ணே, கராஜ் சேல்ல ஒரு டப்பா வாங்கினேன். உள்ள 1776-ன்னு போட்ட டாலர் ஒண்ணு கிடக்கு. சூரியக் கடிகாரம், சங்கிலி வளையம் எல்லாம் இருக்கு. நெட்ல பார்த்தா விலை எங்கேயோ போகுது."

"விளிம்பைப் பாரு தம்பி. சுத்திவர ஒரு கோடு ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"அப்போ டப்பாவுக்கு எவ்வளவு கொடுத்தியோ அதுதான் விலை."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "ஆனா பார்க்க அழகா இருக்குண்ணே" என்றார். அவரிடம் இப்போது ஒன்பது நகல்கள் இருக்கின்றன. அவர் கேட்ட கேள்விகளுக்குச் சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏன் நகல் என்று பார்த்துவிடலாம். நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ரயிம் பிராஷர் 1787-ல் அடித்த டப்லூன் என்ற தங்கக் காசு ஒன்று 2021 ஜனவரியில் 93 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. 1652-ல் பாஸ்டனில் அடித்த மூன்று பென்னி வெள்ளிக் காசு ஒன்று 2024 நவம்பரில் 25 லட்சம் டாலரைத் தாண்டியது. அதன் எடை 1.1 கிராம். இந்த விலைக்கு நாம் போகப்போவதில்லை. ஆனால் அந்தக் காசுகள் சொல்லும் கதை நமக்கும் வேண்டும், கையில் உருட்டிப் பார்க்கவும் வேண்டும். நகல் இருப்பது அதற்குத்தான்.

நகல் வேறு, போலி வேறு. 'நான் நகல்' என்று தன்மேலேயே எழுதி வைத்திருப்பது நகல். அதை மறைப்பது போலி. இந்த ஒரு வேறுபாட்டைக் கடைசி வரை விடாதீர்கள். விட்டால் இன்று நீங்கள் ஆசையாக வாங்கி வைப்பது, முப்பது வருடம் கழித்து உங்கள் பேரன் யாரிடமோ போய்ச் சிரிப்புக்கு ஆளாகும் பொருளாகிவிடும்.

எந்தக் காசிலிருந்து தொடங்குவது?

சுற்றுலாக் கடைகளில் பழுப்பு அட்டையில் பத்துப் பதினைந்து காசுகளை ஒட்டிவைத்து ஒரு செட் விற்பார்கள். மலிவு. என்னுடைய முதல் கொள்முதலும் அதுதான். இன்றைக்கு வேண்டாம் என்பேன். எல்லாக் காசும் ஒரே சாம்பல் நிறம், ஒரே தடிமன். செம்பும் வெள்ளியும் தங்கமும் ஒரே உலோகத்தில் இருந்தால் கண்ணுக்குப் பிடிபடாது. அதற்குப் பதில் நாலைந்து காசுகளை மட்டும், கதையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் சிபாரிசு செய்கிற வரிசை இது.

மாசாசூசெட்ஸ் வெள்ளி ஷில்லிங்குகள் இரண்டு. சேர்த்தே வாங்குங்கள். 1652-ல் பாஸ்டனில் ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் என்ற இரண்டு பொற்கொல்லர்கள் காலனி அரசின் உத்தரவில் காசு அடிக்கத் தொடங்கினார்கள். முதல் காசு பரம எளிமை. வட்டமான வெள்ளித் தகடு, ஒரு பக்கம் பாஸ்டனைச் சுற்றிய நியூ இங்கிலாந்துப் பகுதியின் முதலெழுத்துகள், மறுபக்கம் பன்னிரண்டு பென்னி என்பதற்கு ரோமன் எண், அவ்வளவுதான். சுற்றிலும் வெற்றிடம். நம் ஊரில் நகை செய்யும்போது சேதாரம் என்று ஒன்று உண்டல்லவா? இங்கே ஜனங்களே சேதாரம் எடுத்தார்கள். விளிம்பை மெல்லச் சீவி வெள்ளியை எடுத்துக்கொண்டு காசை முழு மதிப்புக்கே தள்ளிவிட வழியிருந்தது. அதனால் அதே வருடமே வடிவத்தை மாற்ற ஆணையிட்டார்கள். நடுவில் மரம், சுற்றி இரட்டை வளையம், வளையங்களுக்கு இடையில் எழுத்து. சீவினால் எழுத்து போய்விடும், திருட்டு தெரிந்துவிடும். வில்லோ மரம், ஓக் மரம், கடைசியில் பைன் மரம் என்று மரங்கள் மாறின. 1682 வாக்கில் நாணயச்சாலை நின்றது. ஆனால் ஓக் மரத்து இரண்டு பென்னி ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் காசிலும் 1652 என்ற வருடம்தான். அந்த வருடம் இங்கிலாந்தில் மன்னர் இல்லை. காசு அடிப்பது மன்னரின் உரிமை என்று யாராவது கேட்டால், மன்னரே இல்லாதபோது அடித்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு என்று வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். முதல் ஷில்லிங்கையும் பைன் மர ஷில்லிங்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தக் கதை முழுக்கத் தானாக விளங்கும்.

அடுத்தது ஸ்பானிய டாலர், அதாவது எட்டு ரியால். இதை அடித்தது மெக்சிகோ, பொட்டோசி போன்ற ஸ்பானிய நாணயச்சாலைகள். ஆனால் காலனி மக்களின் கையில் புழங்கிய பெரிய வெள்ளிக் காசு இதுதான். 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியானது. சில்லறை இல்லாதபோது எட்டுத் துண்டாக வெட்டிப் பயன்படுத்தினார்கள். ஒரு துண்டு ஒரு 'பிட்'. இங்கே பழைய ஆட்கள் கால் டாலரை 'டூ பிட்ஸ்' என்பார்கள். நம் நாலணா மாதிரியே. அணா போய் எத்தனையோ வருடம் ஆகியும் நாம் நாலணா எட்டணா என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அதே கதைதான். முழு டாலர் ஒன்றும், ஆப்பு வடிவத்தில் வெட்டிய துண்டு ஒன்றும் வாங்கினால் குழந்தைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கக்கூட உதவும்.

மூன்றாவது எனக்கு மிகப் பிடித்தது, கனெக்டிகட்டின் ஹிக்லி செம்புக் காசு. 1737-ல் கிரான்பி பக்கம் செம்புச் சுரங்கம் வைத்திருந்த சாமுவேல் ஹிக்லி தன் செம்பிலேயே அடித்தது. முதலில் மூன்று பென்னி மதிப்பு என்று போட்டாராம். இந்தத் துண்டுச் செம்புக்கு மூன்று பென்னியா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்ததாம். உடனே அச்சை மாற்றி, 'உன் விருப்பம்போல் என்னை மதித்துக்கொள்' என்றும், பின்பக்கம் 'நான் நல்ல செம்பு' என்றும் போட்டுவிட்டார். முணுமுணுப்புக் கதைக்கு ஆதாரம் குறைவு. எழுத்துகள் மட்டும் உண்மை. ஒரு மூலையில் ரோமன் மூன்று மெதுவாக உட்கார்ந்திருக்கும். ஆக, விருப்பம்போல் மதிக்கலாம், ஆனால் மூன்றாக மதித்தால் நல்லது!

நான்காவது, தம்பிக்கு டப்பாவில் கிடைத்த 1776 கான்டினென்டல் டாலர். சூரியக் கடிகாரம், 'உன் வேலையைப் பார்' என்ற வாசகம், மறுபக்கம் பதின்மூன்று மாநிலங்களுக்குப் பதின்மூன்று வளையங்கள், நடுவில் 'நாம் ஒன்று'. ஆங்கிலத்தில் 'கரன்சி' என்ற சொல்லுக்கு இரண்டு 'ஆர்' போட வேண்டிய இடத்தில் ஒன்றைப் போட்டு அடித்த பிழைக் காசும் இதில் உண்டு. எழுத்துப் பிழை இருப்பதால் நகல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், அசலிலேயே பிழை. இது காசே அல்ல, ஐரோப்பாவில் அடித்து விற்ற பதக்கமாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் இப்போது வாதிடுகிறார்கள். அமெரிக்காவில் அதிகமாக நகலெடுக்கப்பட்ட பழங்காசுகளில் ஒன்று என்பதால் தரமானதும் கிடைக்கும், குப்பையும் கிடைக்கும்.

ஐந்தாவதாக பிராஷர் டப்லூன் வேண்டுமானால் வாங்கலாம். பளபளக்கும் தங்க முலாம் பொம்மைக் கடைச் சாமான் போல இருக்கும். கொஞ்சம் மங்கிய முலாமாகத் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் நகல் வாங்காதீர்கள். குதிரைத் தலையும் ஏரும் போட்ட நியூஜெர்சி செம்புக் காசு (1786 முதல் 1788 வரை), கனெக்டிகட் செம்பு, 1773 வர்ஜீனியா அரைப்பென்னி, 1787 ஃபியூஜியோ சென்ட் ஆகியவை தேய்ந்த நிலையில் அசலாகவே சாதாரண மனிதர் வாங்கும் விலைக்குக் கிடைக்கும். வர்ஜீனியா அரைப்பென்னியும் ஃபியூஜியோவும் மொத்தம் மொத்தமாகப் பிற்காலத்தில் அகப்பட்டதால் நல்ல நிலையில் உள்ளவைகூட ஓரளவு கிடைக்கின்றன. நகல்களுக்கு நடுவில் ஒரே ஒரு அசல் இருந்தால் மொத்தக் காட்சிக்கும் தனி கனம் வந்துவிடும்.

வாங்கும்போது

சமையலறையில் வைக்கும் தராசு போதாது. பத்தில் ஒரு கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று, வெர்னியர் காலிப்பர் ஒன்று, ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி. இவ்வளவுதான் சாமான்.

நகல்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகின்றன. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி எடுப்பது வார்ப்பு. இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே தகட்டை வைத்து ஓங்கி அடிப்பது அடிநாணயம். வார்ப்பில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, சோப்பில் செதுக்கியது போல இருக்கும். தளத்தில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். விளிம்பில் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு ஓடும், அல்லது அதை அரம் வைத்து ராவிய தடம் இருக்கும். அடித்த காசில் எழுத்துக்குக் கூர்மை உண்டு. விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டினால் வெள்ளி 'டிங்' என்று இழுத்துப் பாடும், வெள்ளீயக் கலவையான பியூட்டர் வார்ப்பு 'டொக்' என்று நின்றுவிடும். அசலில் இப்படித் தட்டிப் பார்க்க யாரும் விடமாட்டார்கள். நகலில் தாராளமாகத் தட்டலாம்.

எடையையும் பாருங்கள். பைன் மர ஷில்லிங்கின் சட்டப்படியான எடை 72 கிரெய்ன், அதாவது சுமார் 4.67 கிராம். இங்கிலாந்து ஷில்லிங்கைவிட வேண்டுமென்றே 22 சதவீதத்துக்கு மேல் வெள்ளியைக் குறைத்தார்கள், காசு ஊரைவிட்டுக் கப்பலேறிவிடக் கூடாது என்று. நல்ல வெள்ளி நகல் இந்த எடைக்குப் பக்கத்தில் நிற்கும். அதே அளவில் பியூட்டரில் வார்த்தது மூன்றேகால் கிராம் சுற்றித்தான் வரும். வெள்ளி விலை கேட்பவரிடம் பியூட்டர் எடை இருந்தால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். கான்டினென்டல் டாலருக்கு மட்டும் பியூட்டரே சரி, அசலில் பெரும்பாலானவை அந்த உலோகம்தான்.

காந்தத்தில் ஒட்டினால் உள்ளே இரும்பு. திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அப்புறம் முத்திரை. 1973-ல் அமெரிக்காவில் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. அதன்படி நாணய நகல் எதுவாக இருந்தாலும் அதன் உடம்பிலேயே ஆங்கிலத்தில் 'காப்பி' என்று அழியாமல் பதிக்க வேண்டும். (டம்ளரில் குடிக்கிற காப்பி இல்லை.) எழுத்து குறைந்தது 2 மில்லிமீட்டர் உயரம், சொல் 6 மில்லிமீட்டர் நீளம், பள்ளம் 0.3 மில்லிமீட்டர் ஆழம் என்று அளவுகூட விதித்திருக்கிறார்கள். சின்னக் காசுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. 2014-ல் திருத்தம் செய்து, தயாரிப்பவர்களோடு விற்பவர்களையும் தெரிந்தே துணைபோகிறவர்களையும் பொறுப்பாக்கினார்கள். இந்தச் சொல் காசின் அழகைக் கெடுக்கிறது என்று புதியவர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான். முத்திரை இல்லாதது கூடுதல் அழகு என்று இணையத்தில் ஒரு பைன் மர ஷில்லிங் வாங்கினேன். ஒரு மாதம் கழித்து அதை யாருக்காவது பரிசாகத் தரலாம் என்று நினைத்தபோதுதான் உறைத்தது. முத்திரை இல்லாததைக் கைமாற்றினால், அடுத்தடுத்த கையில் அது போலியாகிவிடும். இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது.

பழைய நகல்கள் தனி உலகம்

1973-க்கு முந்தைய நகல்களில் பெரும்பாலும் முத்திரை இருக்காது. அவற்றில் சில இன்று தம்மளவிலேயே சேகரிப்புப் பொருள்கள். மாசாசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜான் ஆடம்ஸ் போலன் என்ற அச்சு வெட்டுபவர் 1860-களில் அரிய காலனிக் காசுகளின் நகல்களைச் சிறு எண்ணிக்கையில் அடித்தார். அவர் 1862 வாக்கில் அடித்த 'பார் காப்பர்' ஒரு நல்ல பாடம். ஒரு பக்கம் பதின்மூன்று கோடுகள், மறுபக்கம் 'யு', 'எஸ்', 'ஏ' மூன்று எழுத்துகளும் பின்னிக் கிடக்கும். அசலில் 'ஏ' எழுத்து 'எஸ்' மேல் ஏறிச் செல்லும். போலன் நகலில் அதே 'ஏ', 'எஸ்' எழுத்துக்கு அடியில் நுழைந்து செல்லும். இதைப் பூதக்கண்ணாடியில் முதல்முறை நீங்களே கண்டுபிடிக்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே ஒன்று வாங்கலாம். 1876 நூற்றாண்டு விழாவையொட்டி மாண்ட்ரோவில் டிக்கிசன் என்பவர் அடித்த கான்டினென்டல் டாலரும் இதே வகை.

எல்லாரும் போலன் போல நல்ல எண்ணத்தோடு அடித்தவர்கள் அல்ல. 1856-ல் தாமஸ் வையட் என்பவரின் மாசாசூசெட்ஸ் வெள்ளிக் காசுகள் புதையலில் கிடைத்ததாக ஒரு கதையோடு சந்தைக்கு வந்தன. பேராசையைப் பாருங்கள். மாசாசூசெட்ஸ் நாணயச்சாலை ஒருநாளும் அடிக்காத ஒரு பென்னி வெள்ளிக் காசையும் சேர்த்தே படைத்திருந்தார்கள். அருங்காட்சியகங்களுக்காக மின்முலாம் முறையில் எடுத்த நகல்களும் கண்ணில் படலாம். மெல்லிய இரண்டு ஓடுகளை ஒட்டியது, விளிம்பில் இணைப்பு தெரியும். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ராபர்ட் ரெடி எடுத்தவற்றின் விளிம்பில் அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பார்க்கலாம். முதல் ஆறு மாதம் இந்தப் பக்கம் வேடிக்கை பார்த்தால் போதும், காசைக் கொட்ட வேண்டாம்.

பாதுகாப்பது

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எலுமிச்சை, விபூதி, பல்பொடி எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு வேறு, காசு வேறு. நகல்தானே என்று தேய்த்தால் பழமைத் தோற்றத்துக்காகக் கொடுத்திருக்கும் கருமை போய், பள்ளங்களில் மட்டும் அழுக்கு தங்கி அசிங்கமாகிவிடும். கை கழுவித் துடைத்துவிட்டு விளிம்பைப் பிடித்தால் போதும்.

மெத்தென்று வளைகிற பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி இருக்கும். நாளாக ஆகச் செம்பின்மேல் பச்சைப் பிசின் படியும். மொறமொறப்பான மைலார் உறை, அல்லது கடினமான அக்ரிலிக் காப்ஸ்யூல் வாங்குங்கள். இதைவிட முக்கியம் மரம். ஓக் மரப் பெட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும், காலனிக்காலத்துக்கும் பொருந்தும். ஆனால் அந்த மரம் மூடிய பெட்டிக்குள் மெல்லிய வினிகர் ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். ஈயம் கலந்த பழைய பியூட்டர் காசு அதில் வெள்ளைப் பொடி பூத்துவிடும். மரம்தான் வேண்டும் என்றால் காசைக் காப்ஸ்யூலில் போட்டு வையுங்கள். கம்பளி ஃபெல்ட், ரப்பர் இரண்டிலும் கந்தகம் உண்டு, வெள்ளி கறுக்கும். பருத்தித் துணியோ அமிலமில்லாத அட்டையோ பின்னால் கொடுத்தால் நல்லது. சென்னை, சிங்கப்பூர் போல ஈரக்காற்று உள்ள ஊர்களில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

பழைய பியூட்டர் நகலைக் குழந்தை வாயில் வைக்கும் உயரத்தில் வைக்காதீர்கள். ஈயம்.

காட்சிக்கு வைப்பது

ஆழமுள்ள பெட்டி ஃபிரேம், அதாவது ஷேடோ பாக்ஸ், கைவினைப் பொருள் கடைகளில் கிடைக்கும். ஒரு ஃபிரேமுக்கு ஆறு காசுக்கு மேல் வேண்டாம். நகலில் உள்ள பெரிய சௌகரியம், ஒரே காசை இரண்டாக வாங்கலாம். ஒன்று தலை, ஒன்று பூ என்று அருகருகே வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். கோடீஸ்வரருக்கும் அசலில் இது லேசில் வாய்க்காது. ஹிக்லி காசுக்கு இது கட்டாயம். 'விருப்பம்போல் மதித்துக்கொள்' ஒரு பக்கம், 'நான் நல்ல செம்பு' மறுபக்கம். ஒன்றில்லாமல் மற்றது பாதி வசனம்.

பசையை நேரடியாகக் காசில் தடவாதீர்கள். காப்ஸ்யூலின் முதுகில் இரட்டைப் பக்க டேப் போதும். பின்னணியில் அச்சடித்த பழைய வரைபடம் ஒன்றை வைத்து, பாஸ்டன் இருக்கும் இடத்தில் ஷில்லிங், கிரான்பி இருக்கும் இடத்தில் ஹிக்லி என்று பொருத்தலாம். நான் அப்படிச் செய்து பார்த்தேன். நியூ இங்கிலாந்து மூலையில் காசுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று நெரிசலாகிவிட, கடைசியில் வரைபடத்தை நடுவில் வைத்து நூல் இழுத்தேன். அதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது.

வெளிச்சத்துக்கு ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். இரவில் அறை விளக்கை அணைத்து, பைன் மர ஷில்லிங்கை மேசையில் வைத்து, போனின் டார்ச்சை நேர்மேலே பிடியுங்கள். வெறும் வெள்ளை வட்டம். இப்போது டார்ச்சை மெல்லப் பக்கவாட்டில் இறக்குங்கள். மேசைமட்டத்துக்கு ஒரு ஜாண் உயரத்துக்கு வரும்போது மரத்தின் கிளை ஒவ்வொன்றும் நிழலோடு எழும்பும், அடியில் வேர்கள் தெரியும், வளையத்தைச் சுற்றிய புள்ளிகள் ஒவ்வொன்றாக எண்ணலாம். புடைப்பு குறைந்த காசுகளுக்கு வெளிச்சம் ஓரத்திலிருந்துதான் வர வேண்டும். சுவரில் மாட்டும்போது ஃபிரேமுக்கு நேர் எதிரே ஜன்னல் வராமல், பக்கச் சுவரில் ஜன்னல் இருக்கும்படி பாருங்கள். சூடு வராத சிறு எல்.இ.டி. விளக்கு மேல் ஓரத்தில் போதும்.

பெயர்ச்சீட்டு கட்டாயம். காசின் பெயர், ஊர், அசல் எந்த உலோகம், நகல் எந்த உலோகம், அப்புறம் 'நகல்' என்ற சொல். 1652 என்று மட்டும் எழுதாமல், 'காசில் உள்ள வருடம் 1652, அடித்தது 1682 வாக்கு வரை' என்று எழுதினால் வருகிறவர்கள் நிச்சயம் ஏன் என்று கேட்பார்கள். பேச்சு அங்கே தொடங்கும். தமிழில் ஒரு வரியும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதி வைத்திருக்கிறேன். என் மகள் முதலில் படித்தது ஆங்கில வரியை. தாத்தா வந்தபோது தமிழ் வரியை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினாள்.

அசலையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம், கொலராடோ ஸ்பிரிங்ஸில் பண அருங்காட்சியகம் இரண்டும் நல்ல தொடக்கம். எது காட்சியில் இருக்கிறது என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்வது நல்லது, காசுகளை அடிக்கடி மாற்றி வைப்பார்கள்.

ஃபிரேமை மாட்டுவதற்கு முன் கடைசி வேலை ஒன்று. திருப்பி வைத்து, முதுகில் பென்சிலால் எழுதுங்கள். எந்தக் காசு, எந்த மாதம் எங்கே வாங்கியது, என்ன விலை, எடை எத்தனை கிராம். ரசீது இருந்தால் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். தம்பி தன் கான்டினென்டல் டாலருக்குப் பின்னால் எழுதியிருப்பது: 'கராஜ் சேல், டப்பாவோடு அஞ்சு டாலர். அண்ணன் சொன்னார், நகல்.'